ஊருக்குள் வெள்ள வரைபடம்: கேட்டவையும் பதில்களும்

இலவச உயரத் தரவில் எதை எடுப்பது? விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் போதுமா?

அது 2000 பிப்ரவரியில் 11 நாளில் எடுத்தது. அதற்குப் பிறகு மண் கொட்டி மேடாக்கிய மனை எதுவும் அதில் இருக்காது. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டம் தரும் 30 மீட்டர் உயர மாதிரியை (30 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு உயரம்) எடுங்கள், 2011 முதல் 2015 வரையிலான தரவு. ஆனால் இரண்டிலுமே கூரையும் மரத்தலையும் சேர்ந்த உயரம்தான் இருக்கும். கோப்பர்நிக்கஸிலிருந்து அவற்றைக் கழித்துத் தரையை மதிப்பிட்ட மாதிரி ஃபேப்டெம். வணிக வேலைக்கு இலவசமில்லை, உரிமத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உயர மாதிரியில் இருக்கிற பள்ளங்களைக் கணினியில் நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பினேன், எப்போதும் தண்ணீர் நிற்கிற எங்கள் தெருவே காணாமல் போய்விட்டது!

காணாமல்தான் போகும். ஆறு எந்த வழியாக ஓடுகிறது என்று பார்க்க அந்தப் படி சரி, ஊருக்குள் நமக்கு வேண்டியதே அந்தப் பள்ளம். நிரப்பியதிலிருந்து நிரப்பாததைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் கழியுங்கள், மிஞ்சுவது பள்ளத்தின் ஆழம். அப்புறம் ஒவ்வொன்றையும் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் ரயில் பாதை மேட்டுக்கு அடியில் மதகு இருப்பது உயர மாதிரிக்குத் தெரியாது, அந்த மேட்டை அணை என்று நினைத்து பின்னால் ஒரு பொய் ஏரியையே கட்டிவிடும். யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் மதகு வரைந்திருந்தால் அந்தக் கட்டங்களின் உயரத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கோப்பர்நிக்கஸ் விவரக்குறிப்பே உயரத்தில் 4 மீட்டர் வரை பிழைக்கு இடம் விடுகிறது, அதை வைத்து முழங்கால் தண்ணீரைக் கணக்கிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுத்த ரேடார் படத்தில் எங்கள் பகுதி காய்ந்து கிடக்கிறது. அன்று இடுப்பளவு தண்ணீர்.

திறந்த வெளியில் தேங்கிய நீர் ரேடார் அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், படத்தில் கறுப்பாகத் தெரியும். கட்டடங்களுக்கு நடுவே அலை நீரில் பட்டு, சுவரிலும் பட்டுத் திரும்பிவருவதால் வெளுப்பாகவே தெரியலாம். போதாக்குறைக்கு, செயற்கைக்கோள் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும், தெரு வெள்ளமோ சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

வடிகால்களே வரைபடத்தில் இல்லையே?

நடந்து போய் வரையுங்கள், வேறு வழியில்லை. போகிற வழியில் சுவரில் நீர்க்கறை எவ்வளவு உயரம் என்று அளந்து, எந்த மழையில் வந்தது என்று வீட்டுக்காரர்களிடம் கேட்டுக் குறியுங்கள். மாதிரி சரியா தப்பா என்று பார்க்க உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

வீடு வீடாக நிறம் பூசி வெளியிடலாமா?

வேண்டாம். ஒரு கட்டம் 30 மீட்டர், அதற்குள் நாலைந்து வீடு அடங்கிவிடும். கட்டமாகவே காட்டுங்கள்.