சென்னையில் எட்டுப் பேருக்குப் பிறந்தநாள் ட்ரீட், ஆளுக்கொரு நிபந்தனை: எங்கே போவது?

"அடுத்த மாதம் என் பிறந்தநாள். நண்பர்களை டின்னருக்குக் கூப்பிட வேண்டும், ஆனால் ஒருத்தர் சாப்பிடுவதை இன்னொருத்தர் சாப்பிட மாட்டார். எந்த ரெஸ்டாரண்ட் சரியாக இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த விஷயத்தில் நான் நன்றாக அடிபட்டவன். என் பிறந்தநாள் அக்டோபர் முதல் வாரம், அதாவது நட்ட நடுப் புரட்டாசி. மற்ற பதினோரு மாதமும் கறி இல்லாமல் சோறு இறங்காத ஆள்கூட அந்த மாதம் முட்டை போட்ட கேக்கைப் பார்த்துத் தள்ளி உட்காருவான். ட்ரீட் கொடுக்க இதைவிட மோசமான தேதி பஞ்சாங்கத்திலேயே கிடையாது.

எங்கள் கூட்டம் என்னோடு சேர்த்து எட்டுப் பேர். மயிலாப்பூர்த் தோழி, அசைவம் சமைக்கும் அடுப்படியிலிருந்து வரும் எதையும் தொட மாட்டாள். சௌகார்பேட்டை நண்பன் ஜைன், வெங்காயம் பூண்டு உருளைக்கிழங்கு எதுவும் ஆகாது. திருவல்லிக்கேணிக்காரனுக்கு ஹலால். ஒருத்திக்கு இறால் பட்டாலே உதடு வீங்கிவிடும். ஒருத்தன் புரட்டாசி விரதம். ஒருத்தனுக்கு பீர் இல்லாவிட்டால் அது ட்ரீட்டே இல்லை. கடைசியாக ஒருத்தன், எந்த ஊருக்கு எந்தக் கடைக்குப் போனாலும் சிக்கன் ஃபிரைட் ரைஸ்தான், மெனுவைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான்.

முதல் தடவை எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், வாட்ஸ்அப் குரூப்பில் "எங்கே போகலாம்?" என்று போட்டேன். இரண்டு நாள் சண்டை. பீர்க்காரனும் ஃபிரைட் ரைஸ்காரனும் மாற்றி மாற்றிக் கத்தினார்கள், மயிலாப்பூரும் சௌகார்பேட்டையும் "எனக்கு எதுவானாலும் ஓகே" என்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் வெஜ், நான்வெஜ் இரண்டும் இருக்கிறதே என்று, மேசையிலேயே கரி அடுப்பு வைத்துக் கம்பியில் சுட்டுத் தரும் ஒரு பஃபே கடையை இரவு எட்டு மணிக்கு புக் பண்ணினேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு வேறு.

உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சர்வர் வந்து இறால் கம்பியை இடுக்கியால் திருப்பினார், அதே இடுக்கியால் பக்கத்தில் இருந்த பனீரையும் திருப்பினார். மயிலாப்பூர்த் தோழியின் கண் அந்த இடுக்கி போன இடமெல்லாம் போனது, அப்புறம் மெதுவாகத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள். இறால் ஒத்துக்காதவளும் அதைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். சௌகார்பேட்டை நண்பன் அதற்கும் மேல், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேட்டால் சிரித்துக்கொண்டே, "சாதுர்மாஸ் நடக்குதுடா, இருட்டினதுக்கு அப்புறம் எதுவும் எடுத்துக்க மாட்டேன்" என்றான். மழைக்கால நான்கு மாதம் அவர்கள் வீட்டில் அப்படித்தானாம். பத்து வருடப் பழக்கம், எனக்குத் தெரியவில்லை, நான் கேட்டதும் இல்லை. குரூப்பில் கத்திய இரண்டு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். ஓகே சொன்னவர்கள் எல்லாரும் பட்டினி, ஆனால் பில் மட்டும் எட்டுப் பேருக்கும் முழுசாக வந்தது.

அதனால் குரூப்பில் கேட்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக போன் போடுங்கள், அதுவும் "எதுவானாலும் ஓகே" ஆட்களுக்கு முதலில். என்ன பிடிக்கும் என்று கேட்டால் ஊர்க்கதை வரும், "எது சாப்பிடவே மாட்டே? எந்த மாதிரிக் கடைக்குள்ளே வர மாட்டே? எத்தனை மணிக்கு மேல சாப்பிட மாட்டே?" என்று கேளுங்கள். இதற்கு வரும் பதில் பெரும்பாலும் ஒரு வரிதான். பிடிக்காது என்பது வேறு, ஆகாது என்பது வேறு. பிடிக்காதவன் ஒரு நாள் பொறுத்துக்கொள்வான். ஃபிரைட் ரைஸ்காரனைப் பற்றி நான் கவலைப்படுவதையே விட்டுவிட்டேன், அவன் எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்வான்.

அலர்ஜி மட்டும் விளையாட்டு இல்லை. வெஜ் என்று மெனுவில் போட்டிருந்தாலும் தாய்லாந்து வகைக் குழம்புக்கு அரைக்கும் மசாலாவில் பெரும்பாலும் இறால் விழுது சேரும், மேலே மீன் சாஸும் ஊற்றுவார்கள். சைனீஸ் கடையில் ஒரே வாணலியில்தான் எல்லாம் புரளும். புக் பண்ணும்போதே போனில் சொல்லுங்கள், போனதும் சர்வரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

அடுத்த வருடம் இப்படி போன் போட்டுப் பார்த்ததில் ஏழு நிபந்தனை இரண்டாகச் சுருங்கிவிட்டது: சுத்த சைவக் கடை, பொழுது சாய்வதற்குள் சாப்பாடு. அக்டோபர் தொடக்கத்தில் சென்னையில் ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். சரி, டின்னராவது ஒன்றாவது, சாயங்கால டிபன் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை வேண்டாம், விரதக்காரன் வீட்டில் தளிகை. ஞாயிறு நாலரை மணி, திருவல்லிக்கேணி ரத்னா கஃபே. 1948-லிருந்து இருக்கிற கடை, இட்லி மூழ்கும் வரை சாம்பாரை ஊற்றித் தருவார்கள், அது தீர்ந்தால் இன்னும் ஊற்றுவார்கள். எட்டுப் பேருக்கு ஒரே மேசை கிடைக்கவில்லை, பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம். ஜைன் நண்பனுக்காக தேங்காய்ச் சட்னியில் வெங்காயம் உண்டா என்று கேட்டுக்கொண்டு, சாம்பாரைத் தள்ளி வைத்து, கிழங்கு மசாலா இல்லாத நெய் ரோஸ்ட் சொன்னோம். இரண்டு ரோஸ்ட் சாப்பிட்டான். மயிலாப்பூர்த் தோழி எத்தனை இட்லி என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். கேக்கை எக்லெஸ்ஸாக வாங்கி அப்புறம் கடற்கரையில் வெட்டினோம், காற்றுக்கு மெழுகுவர்த்தி மட்டும் நிற்கவே இல்லை.

பீர்க்காரனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், உங்கள் கூட்டத்திலும் ஒருத்தன் இருப்பான். தமிழ்நாட்டில் தனி ரெஸ்டாரண்டில் பீர் கிடையாது, பார் லைசென்ஸ் உள்ள பெரிய ஹோட்டலுக்குள்தான் போக வேண்டும். அங்கே போனால் பில்லும் வேறு கணக்கு. சாதாரண ரெஸ்டாரண்ட் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்ட் என்றால் 18 சதவீதம். ஒருத்தன் குடிக்கும் இரண்டு பாட்டிலுக்காக எட்டுப் பேர் சாப்பாட்டுக்கும் இந்த வரி. "நீ தனியா ஒரு நாள் கூட்டிட்டுப் போ, நான் வரேன்" என்று சொல்லிவிட்டேன், இன்னும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அப்புறம், பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. அந்த பஃபே கடையில் நான் இது தெரியாமல் பத்து சதவீதம் கட்டிவிட்டு வந்தேன். டிப்ஸ் வேறு.

ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: ரொம்பக் கட்டுப்பாடு உள்ள ஆளுக்கு ஏற்ற கடையையும் நேரத்தையும் நீங்களே முடிவு செய்து, இடத்தை மட்டும் குரூப்பில் போடுங்கள். அசைவக்காரர்கள் முகம் சுளித்தால் இரண்டாவது ரவுண்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஏழு மணிக்குச் சைவக் கூட்டத்தை ஆட்டோ ஏற்றி அனுப்பிவிட்டு, மிச்சம் இருந்த நான்கு பேரும் ஒன்பது மணிக்கு, திருவல்லிக்கேணி நண்பன் சின்ன வயதிலிருந்து சாப்பிடும் ஒரு பாய் கடைக்குப் போனோம். நான்கே மேசை, பிரியாணியும் கத்தரிக்காயும் தவிர வேறு எதுவும் கிடையாது. வாழை இலையை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் நம் ஆள், "அண்ணே, சிக்கன் ஃபிரைட் ரைஸ் இருக்கா?" என்றான்.

அவர் நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தார். "மட்டனா, சிக்கனா?" என்றார்.

"சிக்கன்ண்ணே" என்றான்.