ஸ்டோரிபோர்டு கேள்வி பதில்: யார், எங்கே, எந்தப் பக்கம்?

பதினாறு வருடமாக விளம்பரப் படங்களுக்கும் சினிமாவுக்கும் ஸ்டோரிபோர்டு வரைகிறேன், அதாவது எடுக்கப்போகும் ஷாட்களை முன்கூட்டியே கட்டம் கட்டமாகப் படம் வரைந்து காட்டுவது. கேள்வி கேட்கச் சொன்னதும் நிறைய வந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது வரைவது மட்டும். கேமரா வாடகை, பட்ஜெட் பற்றியெல்லாம் அந்த வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள்.

அக்கா, குறும்படம் எடுக்கப்போகிறேன். எனக்குக் குச்சி மனிதர்கள்தான் வரைய வரும். போதுமா?

போதும் தம்பி. ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்ததும் யார், எங்கே இருக்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்ற மூன்றும் புரிய வேண்டும். குச்சி மனிதன் சிக்குவது மூன்றாவதில்தான். அவன் முன்னால் திரும்பி நிற்கிறானா, முதுகு காட்டுகிறானா என்றே தெரியாது. அதனால் தலையை முட்டை வடிவில் போட்டு, பார்க்கும் பக்கம் மூக்குக்கு ஒரு சின்ன முக்கோணம் வையுங்கள். மார்பை ஒரு தீப்பெட்டி மாதிரி வரைந்தால் உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் வந்துவிடும்.

சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். ‘பதேர் பாஞ்சாலி’க்கு அவர் முழுத் திரைக்கதை எழுதிக்கொள்ளவில்லை. படங்களும் குறிப்புகளுமாக ஒரு நோட்டில் வைத்திருந்தார். அவ்வளவு நன்றாக வரையத் தெரிந்தவரே அதில் வேகமாகத்தான் வரைந்திருக்கிறார். ஷாட் புரிந்தால் போதும் என்பதுதான் கணக்கு.

எந்த சாப்ட்வேர் நல்லது?

முதல் ஐம்பது கட்டங்களைக் காகிதத்தில் வரையுங்கள். ஸ்கோப் படம் (தியேட்டரில் வரும் அகலத்திரைப் படம்) என்றால் கட்டத்தின் அகலம் 12 சென்டிமீட்டர், உயரம் 5. டிவி, யூடியூப் என்றால் அகலம் 16க்கு உயரம் 9. இந்த அளவைத் தப்பாகப் போட்டுவிட்டால் எல்லா ஷாட்டும் செட்டில் மாறிவிடும். அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் வரைய வேண்டுமென்றால் ‘ஸ்டோரிபோர்டர்’, ‘க்ரீட்டா’ இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

நான் வரையும் ஆட்கள் தரையில் நிற்காமல் மிதக்கிற மாதிரி தெரிகிறார்கள். ஏன்?

கட்டத்தின் குறுக்கே கண் மட்டக் கோடு போடாமல் ஆளை வரைந்திருப்பீர்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்வேன், இன்னும் இரண்டு மூன்று முறை இங்கேயே சொல்வேன்: ஆளை வரைவதற்கு முன்னால் கோடு.

அந்தக் கோடுதான் கேமராவின் உயரம். கேமரா நான்கடி உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். சமதரையில் நிற்கும் எல்லோரையும் அந்தக் கோடு நான்கடி உயரத்தில்தான் வெட்டும். அதாவது, ஏறக்குறைய ஒரே உயரம் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் மார்பில். பக்கத்தில் நிற்பவர் கட்டம் நிறைய இருக்கலாம், தூரத்தில் நிற்பவர் கட்டைவிரல் அளவு இருக்கலாம். இருவர் மார்பிலும் கோடு போக வேண்டும். நான்கடிக் குழந்தைக்கு அது உச்சந்தலையைத் தொடும். தரையில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே போகும். இதை மட்டும் பார்த்து வரைந்தால் யாரும் மிதக்க மாட்டார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. கோடு முட்டி உயரத்தில் இருந்தால் கேமராவை எவ்வளவு கீழே இறக்க வேண்டும் என்று கேமராமேனுக்கு உடனே தெரிந்துவிடும், ‘லோ ஆங்கிள்’ என்று எழுதக்கூட வேண்டாம்.

பேருந்து நிலையம். ஊருக்குக் கிளம்பும் மகளுக்கு அப்பா பணம் கொடுக்கிறார், அவள் வேண்டாம் என்கிறாள். வசனம் இல்லை. எத்தனை ஃப்ரேம் வரையலாம், எப்படி?

நல்ல கேள்வி. நான் இதை நான்கு கட்டத்தில் வரைவேன்.

முதல் கட்டம் வைட், இடம் முழுக்கத் தெரியும் ஷாட். அப்பா இடது பக்கம், மகள் வலது பக்கம், இருவரையும் பக்கவாட்டில் காட்டுவேன். நேராக நிற்க வைத்தால் நீட்டிய கை உடம்புக்குள் மறைந்துவிடும். பக்கவாட்டில் நிறுத்தி இரண்டு உடம்புக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விட்டால் கை அந்த வெற்றிடத்தில் தனியாகத் தெரியும். இரண்டு ஆளையும் முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். வெறும் நிழலுருவத்தைப் பார்த்தே ‘ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் தள்ளுகிறார்’ என்று புரிந்தால் கட்டம் சரி.

பின்னால் பேருந்து நிற்கிறதே, அங்கே கவனம் வேண்டும். ஜன்னல் கம்பிகள் அந்தக் கைக்கு நேர் பின்னால் வந்தால் விரல் எது, கம்பி எது என்று தெரியாது. பேருந்தைக் கொஞ்சம் நகர்த்தி, ஜன்னலுக்குக் கீழே உள்ள வெறும் தகரம் கைக்குப் பின்னால் வரும்படி வரைவேன். பேருந்தின் கூரைக் கோடு அப்பாவின் தலையை ஒட்டிப் போகவும் கூடாது. ஒன்று தலைக்கு மேலே தெளிவாகப் போகட்டும், இல்லை தலைக்குப் பின்னால் மறையட்டும். தொட்டும் தொடாமலும் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது கட்டம் கைகளின் க்ளோஸ்-அப். நான்காக மடித்த நோட்டு அவர் உள்ளங்கையில் இருக்கிறது, மகளின் விரல்கள் அவர் விரல்களை மூடிவிடுகின்றன. மூன்றாவது, அப்பாவின் தோள் மேலிருந்து மகள். அவள் பார்வை அவர் முகத்தில் இல்லை, சட்டைப் பையில் இருக்கிறது. நான்காவது அவள் பார்ப்பது: தட்டையான, ஒன்றுமே இல்லாத பை. இருந்த பணம் மொத்தத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டார் என்பது அங்கேதான் தெரிகிறது. முகத்தில் கண்ணீர் வரைய வேண்டிய அவசியமே இல்லை.

கண் மட்டக் கோடு முதல் கட்டத்திலேயே இருக்கட்டும்.

அம்புக்குறி எப்படிப் போடுவது?

ஆள் நகர்ந்தால் அம்பு கட்டத்துக்குள்ளே. கேமரா நகர்ந்தால் தடிமனான அம்பு, கட்டத்தின் ஓரத்தில். இரண்டுக்கும் வேறு வேறு நிறம். ‘பேன்’ (கேமரா நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் திரும்புவது) என்றால் தொடங்கும் இடத்துக்கு ஒரு கட்டம், முடியும் இடத்துக்கு ஒரு கட்டம் என்று ஒரே நீளப் படத்தில் காட்டுங்கள்.

ஐபேடில் எந்த ஆப் நல்லது?

மேலே சாப்ட்வேர் பதிலைப் பாருங்கள்: முதலில் காகிதம்.

ஸ்டோரிபோர்டு முதலில் எங்கே ஆரம்பித்தது?

1930களின் தொடக்கத்தில், டிஸ்னி ஸ்டுடியோவில். வெப் ஸ்மித் என்ற ஓவியர் தனித்தனித் தாள்களில் காட்சிகளை வரைந்து பலகையில் வரிசையாகக் குத்தி வைத்தார் என்பார்கள். 1933இல் வந்த ‘த்ரீ லிட்டில் பிக்ஸ்’ முழுக்க இப்படித் திட்டமிடப்பட்ட படம். ‘தனித்தனித் தாள்’ என்பதுதான் இதில் முக்கியம். ஒரு ஷாட் வேண்டாமென்றால் பிடுங்கிவிடலாம், இடம் மாற்றலாம். நோட்டில் தொடர்ச்சியாக வரைந்தால், வரைந்துவிட்டோமே என்பதற்காகவே வேண்டாத ஷாட்டையும் விடாமல் வைத்திருப்போம். சின்ன அட்டைகளில் வரைந்து தரையில் பரப்பிப் பாருங்கள்.

இமாஜினரி லைன் பழைய காலத்து விதி. ஜப்பானிய இயக்குநர் ஓசுவே அதை மீறினார். மாணவர்களை ஏன் இன்னும் பயமுறுத்துகிறீர்கள்?

பயமுறுத்தவில்லை தம்பி. லைன் எதற்கு இருக்கிறது என்று பார்ப்போம். அதே அப்பா, மகள். இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்து, அதன் ஒரே பக்கத்தில் கேமரா நிற்கும் வரை அப்பா வலப் பக்கம் பார்ப்பார், மகள் இடப் பக்கம் பார்ப்பாள். தனித்தனி க்ளோஸ்-அப்பில்கூட ஒருவரை ஒருவர் பார்ப்பது புரியும். மகளின் க்ளோஸ்-அப்புக்கு மட்டும் கேமரா கோட்டைத் தாண்டினால் இருவருமே வலப் பக்கம் பார்ப்பார்கள். ஏதோ மூன்றாவது ஆளைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஓசு மீறினார், உண்மை. ஆனால் அவர் எப்படி மீறினார்? பேசுபவரை ஏறக்குறைய நேராகக் கேமராவைப் பார்க்க வைத்தார். ஷாட் மாறும்போது இரண்டு முகமும் அதே இடத்தில், அதே அளவில் வரும்படி அமைத்தார். நம் கண் எங்கேயும் தேட வேண்டியதில்லை. ஒரு ஒழுங்கை எடுத்துவிட்டு இன்னொரு ஒழுங்கை வைத்தார். நீங்களும் அதே மாதிரி வைத்தால் தாராளமாக மீறலாம்.

(அதே மாணவர்) ரீல்ஸில் எல்லோரும் லைன் பார்க்காமல்தான் வெட்டுகிறார்கள். மக்களுக்குப் பழகிவிட்டது.

ரீல்ஸில் பெரும்பாலும் ஒரு ஆள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். அங்கே லைனே கிடையாது, மீற என்ன இருக்கிறது? இரண்டு பேர் பேசும் காட்சி ஒன்றை எடுத்து, மியூட் செய்து, கதை தெரியாத ஒருவருக்குக் காட்டுங்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கேளுங்கள்.

(உதவி இயக்குநர் ஒருவர்) சண்டைக் காட்சியில் லைன் பார்த்துக்கொண்டிருந்தால் வேகம் வராது. ஃபைட் மாஸ்டர்கள் யாரும் பார்ப்பதில்லை.

சார், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் வேலை செய்த மாஸ்டர்கள் எல்லோருமே பார்த்தார்கள். அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது, விழுபவர் எந்தப் பக்கம் விழுகிறார் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியே. சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம் (இங்கே ஃப்ரேம் என்பது போர்டின் கட்டம் இல்லை, ஃபிலிமில் ஓடும் ஒவ்வொரு படம்). சண்டையில் ஒரு ஷாட் 12 ஃப்ரேம் நிற்கிறது என்றால் அது அரை நொடி. ‘இது யார், எந்தப் பக்கம்’ என்று தேடுவதற்குள் அந்த ஷாட் போய்விடும். ஷாட் சின்னதாக ஆக ஆகத் திசை இன்னும் தெளிவாக இருக்க வேண்டும்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு விளம்பரத்தில், மார்க்கெட் சந்தில் ஒருவனைக் கடைக்காரர் துரத்துகிறார். இருவரும் இடமிருந்து வலம் ஓட வேண்டும். ஒரே ஒரு கட்டத்தில் சந்தின் வளைவு அழகாக வருகிறதே என்று கடைக்காரரை வலமிருந்து இடம் ஓடுகிற மாதிரி வரைந்துவிட்டேன். போர்டில் இருந்தபடியே லைட் வைத்தார்கள், அப்படியே எடுத்தார்கள். எடிட்டிங்கில் பார்த்தால் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடி வருகிறார்கள். அந்த ஒரு ஷாட்டுக்காக அரை நாள் திரும்பப் போக வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஓடும் திசைக்கு ஒரு சின்ன அம்பு போட்டு, எல்லா அட்டையையும் பரப்பி, அம்புகளை மட்டும் ஒரு முறை பார்ப்பேன்.

(மாணவர்) அப்படியென்றால் லைனைத் தாண்ட வழியே இல்லையா?

நிறைய இருக்கிறது. ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ராலி கோட்டைத் தாண்டிப் போகலாம். கதாபாத்திரமே நடந்து மறுபக்கம் வரலாம். கோட்டின் மேலேயே கேமராவை வைத்து, எதிரே வருகிற மாதிரி ஒரு ஷாட் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போகலாம். எதுவானாலும் தாண்டும் இடத்தை ஒரு கட்டமாக வரையுங்கள். அந்தக் கட்டம் போர்டில் இல்லையென்றால் செட்டில் அதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஷேடிங் எவ்வளவு செய்யலாம்?

மூன்றே நிறம்: வெள்ளை, நடுச் சாம்பல், கறுப்பு. எதைப் பார்க்க வேண்டுமோ அங்கே கறுப்பும் வெள்ளையும் சந்திக்கட்டும். கண் மட்டக் கோடு சரியில்லாத படத்தை ஷேடிங் காப்பாற்றாது.

டேப்லெட் எது வாங்கலாம்?

பென்சில்.

ஏ.ஐ.யில் ஸ்டோரிபோர்டு செய்யலாமா?

கட்டத்துக்குக் கட்டம் சட்டையும் பார்வையும் மாறாமல் இருக்கின்றனவா, கேமரா உயரம் நீங்கள் நினைத்ததுதானா என்று பார்த்துத் திருத்தத் தெரிந்தால் செய்யுங்கள். அதைப் பார்க்கத் தெரிய வேண்டுமென்றால் கொஞ்ச காலம் கையால் வரைந்திருக்க வேண்டும்.

ஒரு ஃப்ரேமுக்கு எவ்வளவு வாங்கலாம்?

இங்கே வேண்டாம். உங்கள் ஊரில் வேலை செய்யும் இரண்டு பேரிடம் நேரில் கேளுங்கள்.

அக்கா, பேருந்து நிலையம் கேட்டவன்தான். நீங்கள் சொன்ன மாதிரி நான்கு கட்டமும் வரைந்து அனுப்பியிருக்கிறேன். பாருங்கள்.

பார்த்தேன். இரண்டாவது மிக நன்றாக இருக்கிறது, மகளின் கட்டைவிரல் அப்பாவின் விரல் மேல் அழுந்தியிருப்பது நான் சொல்லாமலே நீங்கள் சேர்த்தது. மூன்றாவதில் அவள் பார்வை இன்னும் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும், இப்போது அவர் கழுத்தைப் பார்க்கிறாள். முதல் கட்டத்தில் பின்னால் நிற்கும் கண்டக்டர் மிதக்கிறார். அப்பாவுக்குக் கோடு மார்பில் போகிறது, கண்டக்டருக்கு இடுப்பில் போகிறது. அவரைக் கொஞ்சம் கீழே இறக்கி வரைந்து அனுப்புங்கள்.