குளிர் அறை அப்புறம், முதலில் விதை காயட்டும்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து காட்டுச் செடிகளுக்கு ஒரு சிறிய விதை வங்கி தொடங்கியிருக்கிறோம். பிளாஸ்டிக் உறையில் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்த விதைகள் பூஞ்சை பிடித்துவிட்டன. குளிர் அறை கட்டாமல் முடியாது என்கிறார் கருவி விற்பவர். கட்டத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் விதையைக் கெடுத்தது ஈரம். ஈரத்தோடு உள்ளே போகும் விதை எத்தனை லட்சம் கொட்டிக் கட்டிய அறையிலும் வீணாகத்தான் போகும். ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன பழைய கணக்கு. குளிரால் அதே பலனைப் பெற 5 டிகிரி செல்சியஸ் குறைக்க வேண்டும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், காய வைப்பதில் அவருக்குக் கமிஷன் கிடையாது.

நிழலில் உலர்த்திய விதையைத் துணிப்பையில் கட்டி, மூடி இறுகும் கண்ணாடிப் புட்டியில் சம எடை சிலிக்கா ஜெல்லோடு (ஈரம் உறிஞ்சும் மணிகள்) வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் புதிதாகப் போடுங்கள். பிறகு ஜெல்லை எடுத்துவிட்டு, புட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரத்தைக் காட்டும் சின்ன ஈரமானி ஒன்றை விதையோடு வைத்து மூடி மறுநாள் பாருங்கள். 15 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் சரி. 40, 50 என்றால் மறுபடி ஜெல்தான். அப்புறம் மைனஸ் 18 டிகிரிக்குப் போகும் சாதாரண டீப் ஃப்ரீசரே போதும்.

ஒன்றில் மட்டும் கவனம். மா, பலா, நாவல், அலையாத்தி போன்றவற்றின் விதையைக் காய வைத்தாலே செத்துவிடும். ஈரத்தோடு ஃப்ரீசரில் வைத்தாலும் உள்ளே பனி உறைந்து செத்துவிடும். சதைப்பற்றோடு பெரிதாக, விழுந்ததும் முளைக்கத் துடிக்கும் விதையைக் கண்டாலே சந்தேகப்படுங்கள். முதலில் பத்து விதையை உலர்த்தி, முளைக்கப் போட்டுப் பாருங்கள். முளைக்கவில்லை என்றால் அந்த இனத்துக்குப் புட்டி வேண்டாம், நாற்றாக வளருங்கள். இதைப் பார்க்காமல் பெருமையாக உறைய வைத்து, ஆண்டுக்கணக்கில் பிணத்துக்குக் காவல் இருப்பவர்கள் உண்டு.

காட்டு விதையை மூட்டையாகத் தருகிறேன் என்று வரும் வியாபாரியிடம் எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை செடி என்று கேளுங்கள். மழுப்புவார். ஊர் பேர் தெரியாத விதை வங்கிக்கு வெறும் பாரம். நீங்களே எடுங்கள். முடிந்தால் 50 செடிகளிலிருந்து, அன்று முற்றியிருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். சிலவற்றைப் பிளேடால் நறுக்கிப் பாருங்கள், பாதி பொக்காக இருக்கக்கூடும்.

காட்டில் விதை எடுக்கும் அனுமதிக்கு இன்றே எழுதிப் போடுங்கள். கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் விதை உதிர்ந்துவிடும். அடுத்த பருவத்துக்கும் சேர்த்தே கேளுங்கள்.