கேள்வி – பதில்: மேடையில் இருந்தவர்கள் கண்டது

கேள்வி: ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர்கள் எதைக் கண்டார்கள்? அதன்பின் அவர்கள் கதி என்னவாயிற்று?

பதில்: அந்தக் கணத்தில் மேடையில் இருந்தவர் ஒரே ஒரு நடிகர்தான். 1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டனின் ஃபோர்டு அரங்கில் லாரா கீன் முதன்மை வேடமேற்ற ‘எங்கள் அமெரிக்க உறவினர்’ என்ற நகைச்சுவை நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், ஹாரி ஹாக் தனியாக நின்று, அவையைக் குலுங்கச் சிரிக்கவைக்கும் வசனத்தைப் பேசினார். கொலையாளி ஜான் வில்க்ஸ் பூத்தும் பெயர்பெற்ற நடிகர். அந்த நாடகம் அவருக்குப் பழக்கமானது. சிரிப்பொலியில் துப்பாக்கிச் சத்தம் அமுங்கிப்போகும் என்று கணக்கிட்டே அவர் நாடகத்தின் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து.

சுட்டுவிட்டு, லிங்கன் அமர்ந்திருந்த மேல்தளத்து இருக்கையறையிலிருந்து மேடைக்குக் குதித்த பூத், கையில் கத்தியோடு தம்மை நோக்கி ஓடிவருவதைக் கண்ட ஹாக், தம்மைத்தான் குத்த வருகிறார் என்று எண்ணி உள்ளே ஓடி ஒளிந்தார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. என்ன நடந்ததென்று அரங்கில் பெரும்பாலோருக்கு அப்போது விளங்கவில்லை. பூத்தை முன்பே அறிந்திருந்தும், அன்றிரவே லிங்கன் கிடத்தப்பட்டிருந்த எதிர்வீட்டில் வாக்குமூலம் அளித்தபோது, அவர்தான் என்று நம்புவதாகவும் ஆனால் உறுதியாகச் சொல்ல இயலாது என்றும் ஹாக் கூறினார். அத்தனை அருகில் கண்டவரின் தயக்கம் இது!

மேடைக்குப் பின்புறம் பூத்தின் வழியில் நின்ற இசைக்குழுத் தலைவர் வில்லியம் விதர்ஸ் கத்திவீச்சுக்கு ஆளானார். அவருடைய மேலங்கி கிழிந்தது. லாரா கீனோ முதலில் மேடையேறிக் கூட்டத்தை அமைதிப்படுத்த முயன்று, பிறகு மாடிக்குச் சென்று லிங்கனின் தலையைத் தம் மடியில் தாங்கிக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. இரத்தக்கறை படிந்த அவருடைய சட்டைக்கைப்பட்டி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

கொலையாளி ஒரு நடிகர் என்பதால் சந்தேகம் நாடகத்தார் அனைவர் மேலும் விழுந்தது. கீனும் ஹாக்கும் வெளியூர்ப் பயணத்தில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அன்றிரவு ஊரிலேயே இல்லாத அரங்க உரிமையாளர் ஜான் ஃபோர்டு ஒரு மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தார். மிகவும் துன்பப்பட்டவர் மேடைப் பணியாளர் எட்மன் ஸ்பாங்க்லர். குதிரையைப் பிடித்துக்கொள்ளும்படி பூத் கேட்டதும், அந்த வேலையை ஒரு பையனிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் பணிக்குத் திரும்பியவர் அவர். பூத் தப்பிக்க உதவினார் என்று இராணுவ நீதிமன்றம் அவருக்கு 6 ஆண்டுச் சிறை விதித்தது. 1869இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் மன்னித்த பிறகே விடுதலையானார்.