சாவி கொடுக்காமல் ஓடும் கடிகாரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஸ்விட்சர்லாந்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற உறவினர் ஒருவரின் வீட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் தங்க நிற வளையம் மெல்லச் சுழன்று திரும்பும் கடிகாரம் ஒன்றைக் கண்டேன். அதன் பெயர் ‘ஆட்மாஸ்’ என்றார். பேட்டரியும் கிடையாது, சாவியும் கொடுப்பதில்லை, காற்றிலேயே ஓடுகிறது என்கிறார். இதை நம்பலாமா?
— திருச்சி வாசகி

பதில்: தாராளமாக நம்பலாம். ஆனால் அதை ஓட்டுவது காற்றின் வீச்சு அன்று. அறையின் வெப்பநிலையில் ஏற்படும் சிறு சிறு மாற்றங்கள். கடிகாரத்தின் பின்புறம், வட்டமான உலோக உறைக்குள் துருத்தி போன்ற மடிப்புகளுடைய கொள்கலம் ஒன்று இருக்கிறது. அதில் எத்தில் குளோரைடு என்ற பொருளைக் காற்றுப் புகாமல் அடைத்து மூடியிருப்பார்கள். 12 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும் பொருள் அது. அறை சற்றுச் சூடேறினால் ஆவியின் அழுத்தம் கூடித் துருத்தி விரிகிறது; குளிர்ந்தால் எதிரே உள்ள சுருள்வில் அதைத் திரும்ப அழுத்துகிறது. இந்த அசைவு மெல்லிய சங்கிலி ஒன்றின் வழியாகப் பற்சக்கரத்தை அடைந்து, பின்னோக்கிச் சுழல விடாத கொக்கியின் உதவியால் முதன்மை ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி வைக்கிறது. நாம் கையால் கொடுக்க வேண்டிய சாவியை அறையின் தட்பவெப்பம் கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். 15 முதல் 30 டிகிரி வரையிலான எல்லைக்குள் ஒரே ஒரு டிகிரி ஏறி இறங்கினாலும் இரண்டு நாள் ஓட்டத்துக்கான ஆற்றல் சேர்ந்துவிடுகிறது.

இதை ‘நிரந்தர இயக்கம்’ என்று விளம்பரங்கள் வர்ணிக்கும்போது மட்டும் சற்று ஒதுங்கி நில்லுங்கள். வெளியிலிருந்து எதையும் பெறாமல் ஓடும் இயந்திரத்தை இயற்பியல் அனுமதிப்பதில்லை. இந்தக் கடிகாரமும் வெளியிலிருந்து ஆற்றலைப் பெற்றுக்கொண்டுதான் ஓடுகிறது. பெறுவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேள்வி: ஐந்நூறு ரூபாய் குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிடச் சரியாக நேரம் காட்டும்போது, பல லட்ச ரூபாய் கொடுத்து ஒருவர் இதை ஏன் வாங்க வேண்டும்? வெறும் ஆடம்பரம்தானே?
— மதுரை வாசகர்

பதில்: நேரம் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, அந்தப் போட்டியில் குவார்ட்ஸ்தான் வெல்லும். ஆனால் ஆட்மாஸின் விலையில் பெட்டியின் பளபளப்புக்குரிய பங்கு ஒன்று இருந்தாலும், பெரும்பங்கு சிக்கனத்தைச் சாதிக்கும் உழைப்புக்கு உரியது என்பதே என் கருத்து. ஓர் அறையின் வெப்ப மாற்றத்திலிருந்து கிடைக்கும் ஆற்றல் மிகமிகச் சொற்பம். ஆறு கோடி ஆட்மாஸ் கடிகாரங்கள் சேர்ந்து செலவிடுவது 15 வாட் பல்பு ஒன்றின் மின்சாரம்தான் என்பது தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. அந்தத் துளியை வைத்துக்கொண்டு சக்கரங்களையும் முட்களையும் ஆண்டுக்கணக்கில் நகர்த்த வேண்டுமானால், எங்கேயும் ஓர் இம்மி வீணாகக் கூடாது.

நீங்கள் பார்க்க நேர்ந்தால் முதலில் வளையத்தைக் கவனியுங்கள். அதுதான் ஊசல். பக்கவாட்டில் ஆடாமல், செங்குத்தாகத் தொங்கும் மெல்லிய கம்பியின் முனையில் கிடைமட்டமாகச் சுழன்று, ஒரு கணம் நின்று, எதிர்த்திசையில் திரும்புகிறது. ஒருமுறை போய்த் திரும்ப முழுதாக 60 விநாடி ஆகிறது, அதாவது போவது ஒன்று, திரும்புவது ஒன்று என நிமிடத்துக்கு இரண்டே அடிகள். இன்றைய கைக்கடிகாரங்கள் பல, மணிக்கு 28,800 அடிகள் அடிக்கின்றன, நிமிடத்துக்கு 480. அசைவு குறையக் குறைய உராய்வும் செலவும் குறைகின்றன. சக்கரங்களின் அச்சு முனைகளில் எண்ணெய் விடுவதில்லை. நாளடைவில் எண்ணெய் கெட்டிப்பட்டால், இவ்வளவு நலிந்த விசையால் அதை மீறிச் சுழல முடியாது. எண்ணெயின்றியே வழுவழுப்பாகச் சுழலும்படி முனைகளை மெருகிடுவது எளிய வேலை அன்று.

வளையத்தைத் தாங்கும் கம்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. சாதாரண எஃகுக் கம்பியாக இருந்தால், கடிகாரத்தை ஓட்டும் அதே வெப்ப மாற்றம் கம்பியின் மீள்திறனையும், அதாவது முறுக்கினால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையையும், மாற்றி நேரத்தைக் கெடுத்துவிடும். ஆகவே எலின்வார் என்ற உலோகக் கலவையைப் பயன்படுத்துகிறார்கள்; வெப்பம் மாறினாலும் அதன் மீள்திறன் ஏறக்குறைய மாறுவதில்லை. அதைக் கண்டறிந்த சார்ல் எதுவார் கியோம், நிக்கல் எஃகுக் கலவைகள் பற்றிய ஆய்வுக்காக 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் ஸ்விட்சர்லாந்துக்காரர்.

கண்ணாடிப் பெட்டி அலங்காரத்துக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. தூசியும் மின்விசிறிக் காற்றும் உள்ளே நுழைந்தால் ஊசலின் ஓட்டம் கெடும். முகப்பின் நடுவே திறந்த இடம் விட்டு, எண்களை வெளிவளையத்தில் மட்டும் பொறித்திருக்கும் பழைய மாதிரிகளில், பின்னால் இயங்கும் சக்கரங்களையும் பார்க்க முடிகிறது. வடிவமைப்பாளர் மார்க் நியூசன் 2008இல் பக்காரா என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் படிகக் கண்ணாடியில் வடிவமைத்த கனசதுர ஆட்மாஸ் புகழ்பெற்றது. எர்மெஸ் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனத்துடன் சேர்ந்து 2013இல் வந்த கண்ணாடிக் கோளமும் அப்படித்தான். அழகில் குறைவில்லை, ஆனால் அதன் வெண்புள்ளிகள் இயந்திரத்தைப் பாதி மறைத்துவிடுகின்றன என்பது எனக்குக் குறையாகப்படுகிறது. பித்தளைச் சட்டமும் தட்டையான கண்ணாடியும் கொண்ட எளிய பெட்டியே இதற்குப் பொருத்தமான வீடு. நிலவின் பிறை காட்டும் மாதிரி 3,821 ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் பிசகும் என்று சொல்கிறார்கள். சரிபார்க்கப் போவது யாரோ!

கேள்வி: இதைக் கண்டுபிடித்தவர் யார்? இதற்கு முன்பும் யாராவது முயன்றிருக்கிறார்களா?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: ஸ்விட்சர்லாந்தின் நெஷாத்தெல் நகரைச் சேர்ந்த பொறியாளர் ழான் லியோன் ரொய்த்தர் 1928இல் இதை உருவாக்கினார். முதல் மாதிரிகள் பிரான்சில் தயாராயின. 1930களில் ழெழெர் லெகூல்த்ர் நிறுவனம் பொறுப்பேற்று, பாதரசமும் அம்மோனியாவும் இருந்த இடத்தில் எத்தில் குளோரைடைக் கொண்டுவந்தது. இன்றும் ஸ்விட்சர்லாந்தின் ழூ பள்ளத்தாக்கிலுள்ள அதே நிறுவனமே தயாரிக்கிறது. ஸ்விஸ் அரசு தன்னைக் காணவரும் தலைவர்களுக்குப் பரிசளிப்பதும் இதைத்தான்.

ஆனால் எண்ணம் பழையது. 1760களில் இலண்டனில் ஜேம்ஸ் காக்ஸ் என்பவர், ஜான் ஜோசப் மெர்லினின் துணையுடன், காற்றழுத்த மாற்றத்தால் தானே சாவி ஏறும் கடிகாரத்தைச் செய்தார். அதற்கு 68 கிலோ பாதரசம் தேவைப்பட்டது. அக்கடிகாரம் இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், பாதரசம் அகற்றப்பட்டு, ஓடாத நிலையில் இருக்கிறது.

கேள்வி: என் பெரியப்பா விட்டுச்சென்ற பழைய ஆட்மாஸ் என்னிடம் வந்திருக்கிறது. சென்னை வெயிலில் ஓடுமா? எப்படிப் பராமரிப்பது?
— சென்னை வாசகர்

பதில்: சித்திரை வைகாசியில் இரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத அறையில் துருத்தி விரிந்தபடியே நின்றுவிடக்கூடும், அப்போது புதிதாகச் சாவி ஏறாது, ஸ்பிரிங்கில் இருக்கும் சேமிப்புதான் செலவாகும். ஏசியை இரவில் போட்டுப் பகலில் அணைக்கும் அறை இதற்கு மிகவும் உகந்தது, ஏனெனில் தேவையான ஏற்ற இறக்கம் அங்கே நாள்தோறும் கிடைத்துவிடும்.

இடத்தைவிட்டு நகர்த்துவதற்கு முன் ஊசலைப் பூட்டும் நெம்புகோலைத் திருப்பிப் பூட்டிவிடுங்கள். மறந்து தூக்கினால் மயிரிழை போன்ற அந்தக் கம்பி முறிந்துவிடும். வைக்கும் இடம் ஆட்டமில்லாததாக இருக்கட்டும். அடித்தளத்தில் சிறிய ரசமட்டம் ஒன்று இருக்கும். அதன் குமிழி நடுவில் நிற்கும்வரை கால் திருகுகளைத் திருப்பிச் சமப்படுத்த வேண்டும். அதன்பின் பூட்டை விடுவித்தால் போதும். எல்லாம் செய்தும் சில வாரங்களில் நின்றுவிட்டால், பழைய துருத்தியிலிருந்து வாயு கசிந்திருக்கலாம். அதை மாற்றிக்கொள்ள முடியும். எத்தில் குளோரைடு தீப்பற்றக்கூடியது என்பதால் அந்த உறையை நீங்களோ தெருமுனைக் கடிகாரக் கடைக்காரரோ பிரிக்க வேண்டாம். பின்புறம் கண்ணாடிக் குழாயில் பாதரசம் தென்பட்டால் அது மிகப் பழைய முதல் மாதிரி. அதைச் சாய்க்காமலும் கழற்றாமலும் இருந்த இடத்திலேயே விட்டுவைத்து, ஆட்மாஸ் பழுதுபார்ப்பில் பயிற்சி பெற்ற ஒருவரை நேரில் வரவழைத்துக் காட்டுங்கள்.