ஈரக் கையை மதிக்காத அடுப்பு

கேள்வி: அண்ணாச்சி, எம் மவ பிளஸ் டூ முடிச்சிட்டு ப்ராடக்ட் டிசைன்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. பொருள அழகா செய்யதுக்கெல்லாம் ஒரு படிப்பான்னு அவ அப்பா சத்தம் போடுதாவ. நல்ல டிசைன்னா அப்படி என்னதான் அண்ணாச்சி?
- அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: அழகுன்னு நினைச்ச இடத்துலதான் தங்கச்சி உங்க வீட்டுக்காரர் கோட்டை விட்டுட்டாவ. எங்க வீட்டுல போன பொங்கலுக்கு ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு வாங்குனோம், கம்பெனி பேரு எதுக்கு, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், திருகுத கட்டை ஒண்ணு கிடையாது, எல்லாம் டச்சு. அம்மா அரிசி களைஞ்ச கையோட தொடுதாவ, எடுக்க மாட்டேங்கு. முந்தானையில துடைச்சிட்டு தொட்டா எடுக்கு. ஒருநா பால் பொங்கி அந்த டச்சு மேலயே ஓடிட்டு, குறைக்கவும் முடியல அணைக்கவும் முடியல, கடைசில பிளக்கப் பிடுங்கிட்டாவ. டச்சுக்கு விரலும் ஒண்ணுதான் தண்ணியும் ஒண்ணுதான், ரெண்டுலயும் மின்சாரம் கடத்துத குணம் இருக்கதால அது குழம்பிரும். அதச் செஞ்சவரு ஏசி ரூம்ல காஞ்ச கையோட தொட்டுப் பாத்திருப்பாரு, வேறென்ன.

இப்ப உள்பக்கமா மாட்டுத மூடி போட்ட குக்கரப் பாருங்க. உள்ள ஆவி இருக்கவரைக்கும் அந்த ஆவியே மூடிய விளிம்போட சேத்து அமுக்கிப் பிடிச்சுக்கிடும், பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்துட்டேன்னு நீங்க என்ன அவசரப்பட்டாலும் திறக்காது. கார்ட உருவுனாதான் காசு தருத ஏடிஎம்மும் இந்த ரகம்தான். காசு கைக்கு வந்துட்டா நாம கிளம்பிருவோம், கார்டு அங்கனயே கிடக்கும்னு தெரிஞ்சு வச்சிருக்கான். மனுசன் மறப்பான், அவசரப்படுவான், கை ஈரமாத்தான் இருக்கும். இதையெல்லாம் தப்புன்னு திட்டாம கணக்குல எடுத்துக்கிட்டு செய்யுததத்தான் நான் நல்ல டிசைன்னு சொல்லுவேன்.

வீட்டுக்காரர்ட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. 1958ல நம்ம அரசாங்கம் அமெரிக்காவுல இருந்து சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்னு ஒரு புருசன் பொண்டாட்டிய கூப்பிட்டு டிசைன் பத்தி அறிக்கை கேட்டுச்சு. நாற்காலி செஞ்சே உலகத்துல பேரு வாங்குன ஜோடி. அவங்க சுத்திப் பாத்துட்டு ஆகா ஓகோன்னு எழுதுனது எதப் பத்தி தெரியுமா, லோட்டா, அதாவது நம்ம செம்பு! எவ்வளவு தண்ணி பிடிக்கும், தலையில தூக்குதாளா இடுப்புல இடுக்குதாளா, நிறைஞ்சா கனம் எங்க நிக்கும், காலியா இருந்தா எங்க நிக்கும், ஊத்தும்போது எப்படி விழும், விளக்கிக் கழுவ கை உள்ள போகுமா, இப்படி கேள்வி கேள்வியா அடுக்கியிருக்காங்க. தாமிரவருணிக்கு தண்ணிக்குப் போன நம்ம ஆச்சிமாருக்கு இதுல ஒண்ணுகூட புதுசு இல்ல. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1961ல அகமதாபாத்துல தேசிய வடிவமைப்பு நிறுவனம், என்ஐடி வந்துச்சு. அங்க சேர தனி நுழைவுத்தேர்வு, ஐஐடில பி.டெஸ்ங்குத டிசைன் பட்டப்படிப்பு படிக்க யூசீடுன்னு ஒரு பரீட்சை, எந்த குரூப் எடுத்த பிள்ளையும் எழுதலாம். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் அடுக்களைய மவ கையில குடுத்துப் பாருங்க, எது எது எரிச்சல் மூட்டுதுன்னு ஒரு நோட்டு போடட்டும்.

கேள்வி: பென்டிரைவ் ஏன் அண்ணாச்சி எப்பவும் தலைகீழாவே போவுது?
- பாளையங்கோட்டை வாசகர்

பதில்: ரெண்டு பக்கமும் சொருகுத மாதிரி வச்சா வயரும் கூடும் செலவும் கூடும்னு அப்ப விட்டுட்டாங்க, 2014ல டைப்-சி வந்துதான் தீந்துச்சு. பழசு வச்சிருந்தா பிளக்குல திரிசூலம் மாதிரி ஒரு குறி இருக்கான்னு பாருங்க, லேப்டாப்புல சொருகும்போது அது மேல பாத்து இருக்கணும்.