ஹாவர்சைன் என்ற சொல் எங்கிருந்து வந்தது? யார் வைத்த பெயர்?

கேள்வி கேட்டவர் மொபைல் ஆப் எழுதுகிறவர். இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் தூரம் சொல்லும் சூத்திரத்தில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். நான் வணிகக் கப்பலில் டெக் பக்கம் வேலை பார்த்தவன். எனக்கு இந்தச் சொல் அறிமுகமானது ஒரு தடிமனான அட்டவணைப் புத்தகத்தில். கேடட்டாக இருந்த காலத்தில் ஜிபிஎஸ் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் செகண்ட் மேட் விடமாட்டார். காலையில் கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டன்ட்டில் சூரியனைப் பிடித்து, நாரீஸ் டேபிள்ஸைப் புரட்டி, பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினால்தான் டீ குடிக்கப் போகலாம். லாக் ஹாவர்சைன், அதாவது ஹாவர்சைனின் மடக்கை, ஒரு பத்தி. அதன் பக்கத்திலேயே நேச்சுரல் ஹாவர்சைன், அதாவது அசல் மதிப்பு, இன்னொரு பத்தி. விரல் வைத்து வைத்து அந்தப் பக்கங்களின் ஓரமே கறுத்துப் போயிருக்கும்.

பெயர் வைத்தவர் ஜேம்ஸ் இன்மன். பிரிட்டனில் போர்ட்ஸ்மத் ராயல் நேவல் காலேஜில் கணிதப் பேராசிரியர். மாலுமிகளுக்காக 1821-இல் அவர் எழுதி வெளியிட்ட வழிகாணல் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பில், 1835-இல், இந்தச் சொல் வந்தது. வெர்ஸ்டு சைன் என்ற அளவில் பாதி, அதாவது ஹாஃப் வெர்ஸ்டு சைன். அதைச் சுருக்கினால் ஹாவர்சைன். ஒன்றிலிருந்து கோசைனைக் கழித்து இரண்டால் வகுத்தால் கிடைப்பது இதுதான். அந்த வெர்ஸ்டு சைன் நம் பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்திலேயே உத்க்ரம ஜ்யா என்ற பெயரில் இருக்கிறது. பாதியாக்கிய அளவையும் இன்மன் கண்டுபிடிக்கவில்லை. ஜேம்ஸ் ஆண்ட்ரூ என்பவர் 1805-இலேயே அதற்கு அட்டவணை போட்டிருந்தார். வாயில் நுழையும் ஒரு பெயரைக் கொடுத்து, கப்பலில் தினமும் புழங்கும் கணக்காக அதை ஆக்கியதுதான் இன்மனின் வேலை.

அது ஏன் பெரிய வேலை என்று சொல்கிறேன். கோளத்தின் மேல் தூரம் காண கோசைன் விதியே போதும். ஆனால் கால்குலேட்டர் இல்லாத காலத்தில் பெருக்கல் எல்லாம் எண்களின் லாக்கைக் கூட்டித்தான். 90 பாகையைத் தாண்டினால் கோசைன் மைனஸ் ஆகிவிடும். மைனஸுக்கு லாக் கிடையாது. குறியைத் தனியாக மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். ராத்திரி டூட்டியான வாட்ச் முடித்துத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் அங்கேதான் தப்பு பண்ணுவான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கை நாங்கள் மினிட் என்போம். கடலில் ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல். ஐந்து இலக்க அட்டவணையில் 1 மினிட்டின் கோசைன் 1.00000. 10 மினிட்டுக்கும் அதே 1.00000. பாறை ஒரு மைலில் இருக்கிறதா பத்து மைலில் இருக்கிறதா என்று அந்த அட்டவணை சொல்லாது! லாக் ஹாவர்சைன் பத்தியைப் பாருங்கள். லாக் மைனஸில் வராமலிருக்கப் பழைய முறைப்படி 10 கூட்டி எழுதினால் 1 மினிட்டுக்கு 2.325, 10 மினிட்டுக்கு 4.325. வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. தவிர, ஹாவர்சைன் எப்போதும் 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்கும். மைனஸ் பேச்சே இல்லை. உங்கள் ஆப்பில் கோசைன் விதியைப் போட்டாலும், மிக அருகிலுள்ள இரண்டு புள்ளிகளுக்கு இலக்கங்கள் இதே மாதிரிதான் தொலைந்து போகும்.

இதையெல்லாம் வகுப்பறையில் மட்டும் உட்கார்ந்து யோசித்தவர் இல்லை இன்மன். 1776-இல் யார்க்ஷயரில் பிறந்தவர். 1800-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம். ஆஸ்திரேலியக் கரையை அளந்துகொண்டிருந்த மேத்யூ ஃப்ளிண்டர்ஸின் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் இருந்த வானியலாளர் உடல்நலம் கெட்டு வழியில் நன்னம்பிக்கை முனையிலேயே இறங்கிவிட, அவருக்குப் பதிலாக இன்மனை அனுப்பினார்கள். 1803-இல் சிட்னியில் அவர் போய்ச் சேர்ந்தால், கப்பலின் மரம் இற்றுப்போய் இனி கடலுக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். பாவம், அத்தனை தூரம் போயும் அந்தக் கப்பலில் அவர் செய்ய வேலையே இல்லாமல் போயிற்று. ஊர் திரும்பப் புறப்பட்ட ஃப்ளிண்டர்ஸின் அடுத்த கப்பல் பவளப்பாறையில் மோதி உடைந்தது. இன்மன் தன் கருவிகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சீனாவின் காண்டன் துறைமுகம் வழியாகத் திரும்பினார்.

அந்தப் பயணத்தில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1804 பிப்ரவரி. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல்கள் கூட்டமாக வருகின்றன, துணைக்கு பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லை. மலாய் தீபகற்பத்துக்குக் கிழக்கே புலோ ஆரா தீவருகே லின்வா என்ற பிரெஞ்சு அட்மிரலின் போர்க்கப்பல்கள் எதிர்ப்பட்டன. வணிகக் கப்பல்களுக்குத் தலைமை வகித்த நத்தானியேல் டான்ஸ் பயந்து ஓடவில்லை. சில கப்பல்களில் போர்க்கப்பல் கொடியை ஏற்றி, எதிர்த்துத் திரும்பினார். பிரெஞ்சுக்காரர்கள் ஏமாந்து பின்வாங்க, இவர்கள் அவர்களைத் துரத்தவே செய்தார்கள். அப்போது வார்லி என்ற கப்பலில் பயணியாக இருந்த நம் கணித வாத்தியார், ஈட்டி ஏந்திய லஸ்கர் மாலுமிகள் ஒரு குழுவுக்குத் தலைவராக நின்றிருக்கிறார். லஸ்கர்கள் என்றால் ஆசியக் கடலோடிகள், பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்தவர்கள்.

அப்புறம் 1808-இல் போர்ட்ஸ்மத் வேலை. அங்கே ஏறக்குறைய 30 வருடம். போர்ட்ஸ்மத் கப்பல்துறைக்குள்ளேயே கப்பல் கட்டும் கலைக்கென்று ஒரு பள்ளி தொடங்கி, அதையும் அவரே நடத்தினார். ஸ்வீடனின் சாப்மன் கப்பல் கட்டுவது பற்றி எழுதிய நூலைத் தன் குறிப்புகளோடு 1820-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பீரங்கி இயக்குவது பற்றியும் ஒரு புத்தகம் உண்டு. 1859-இல் போர்ட்ஸ்மத்தின் சவுத்ஸீ பகுதியில் இறந்தார். அவருடைய அட்டவணைகள் அதற்குப் பிறகும் திருத்தித் திருத்தி அச்சாகி, பிரிட்டிஷ் கடற்படையில் நெடுங்காலம் புழங்கின.

சூத்திரத்தைக் கையால் போட்டுப் பார்க்க ஆசை இருந்தால், சென்னையிலிருந்து போர்ட் பிளேர் நல்ல கணக்கு. சென்னை 13°06' வடக்கு, 80°18' கிழக்கு. போர்ட் பிளேர் 11°40' வடக்கு, 92°44' கிழக்கு. அட்ச வித்தியாசத்தின் ஹாவர்சைன் 0.00016. தீர்க்க வித்தியாசத்தின் ஹாவர்சைனை இரண்டு அட்சங்களின் கோசைன்களாலும் பெருக்கினால் 0.01119. இரண்டையும் கூட்டி, அந்த ஹாவர்சைனுக்கு உரிய கோணத்தைத் தேடினால் ஏறக்குறைய 12 பாகை 14 மினிட், அதாவது 734 கடல் மைல் வரும். உங்கள் ஆப் என்ன சொல்கிறது என்று கீழே எழுதுங்கள்.